கழுத்தெலும்பின் பிறவிக் குறைபாடும் தண்டுவட அழுத்தமும்: ஒரு மருத்துவ வரலாறு

கழுத்தின் மேற்பகுதி எலும்புகள் கருவிலேயே சரியாக உருவாகாமல் போனால், அவற்றின் நடுவே இறங்கும் தண்டுவடம் பிற்காலத்தில் நசுங்க நேரிடலாம். கை கால்கள் வலுவிழத்தல், நடை தள்ளாடுதல், விரல்கள் மரத்துப்போதல், பிடரி வலி ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். குறைபாடு பிறவியிலேயே இருந்தாலும், நோய் பெரும்பாலும் இளமையிலோ நடுவயதிலோதான் வெளிப்படுகிறது. இத்தகைய நோயாளிகள் பலர் தீராத நரம்புத் தேய்வு நோய் கொண்டவர்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டனர். நோயின் வேர் எலும்பில் இருப்பதைக் கண்டறிந்து அதைச் சரிசெய்யும் வழியை அடைய மருத்துவ உலகத்துக்கு இருநூறு ஆண்டுகள் ஆயின. அதில் இந்திய மருத்துவர்களின் பங்கு பெரிது.

கழுத்தின் அமைப்பு

மனிதக் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. முதலாவது அட்லஸ். விண்ணைத் தோளில் தாங்கியதாகக் கிரேக்கப் புராணம் கூறும் அட்லசின் பெயரே, தலையைத் தாங்கும் இந்த வளைய வடிவ எலும்புக்கு இடப்பட்டது. இரண்டாவது எலும்பு ஆக்சிஸ். அதிலிருந்து பல் போன்ற ஒரு முனை மேலெழுந்து அட்லஸ் வளையத்துக்குள் நிற்கிறது. இதைப் பல்முனை என்பர். தலையை இடமும் வலமும் திருப்பும்போது, திருகைக்கல் முளையைச் சுற்றுவதுபோல, அட்லஸ் இந்த முனையைச் சுற்றித் திரும்புகிறது. தலை திரும்பும் அளவில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரு மூட்டிலேயே நிகழ்கிறது.

பல்முனை பின்னோக்கி நகராதபடி ஒரு வலுவான குறுக்குத் தசைநார் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்குப் பின்னால்தான் தண்டுவடம் செல்கிறது. அட்லஸ் வளையத்தின் உள்ளிடத்தை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு பல்முனைக்கும், ஒரு பங்கு தண்டுவடத்துக்கும், எஞ்சிய பங்கு வெற்றிடத்துக்கும் உரியது என்று 1968இல் ஸ்டீல் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் விளக்கினார். அந்த வெற்றிடம் தீர்ந்துபோகும்போது நோய் தொடங்குகிறது.

குறைபாடுகள் பலவகை. அட்லஸ் மண்டையோட்டுடன் ஒட்டிப் பிறக்கலாம். பல்முனை தன் எலும்போடு சேராமல் தனித்துண்டாக நிற்கலாம். மண்டையோட்டின் அடித்தளம் தட்டையாகி, பல்முனை மூளைத்தண்டை நோக்கி மேலேறலாம். இரண்டாம், மூன்றாம் முள்ளெலும்புகள் ஒன்றாய் இணைந்திருக்கலாம். அட்லஸ் மேலே மண்டையோட்டுடனும், ஆக்சிஸ் கீழேயுள்ள எலும்புடனும் ஒட்டிக்கொண்டால் கழுத்தசைவின் சுமை முழுவதும் இடையிலுள்ள ஒரே மூட்டின்மேல் விழுகிறது. ஆண்டுக்கணக்கில் அது தளர்ந்து நழுவுகிறது. பிறவிக் குறை இருபது, முப்பது வயதில் நோயாக வெளிவருவதற்கு இதுவே முக்கியக் காரணம். சில வேளைகளில் ஒரு சிறு வீழ்ச்சியே கை கால்களைத் திடீரென முடக்கிவிடும்.

இறந்தபின் கண்ட உண்மை

இக்குறைபாடுகளை முதலில் கண்டவர்கள் உடற்கூறு அறிஞர்கள். 1790இல் ஜெர்மானியரான அக்கர்மன், ஆல்ப்ஸ் மலைப்பகுதி மக்களின் மண்டையோடுகளில் அடித்தளம் உள்நோக்கி அமுங்கியிருப்பதை விவரித்தார். 1886இல் இத்தாலிய அறிஞர் ஜியாகோமினி, பல்முனை தனி எலும்பாக நிற்கும் நிலையை எழுதினார். எலும்பைப் பார்க்க உடலை அறுத்தாக வேண்டிய காலம் அது. ஆகவே அந்த அறிவு உயிருடன் இருந்த நோயாளிக்குப் பயன்படவில்லை.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. 1912இல் பிரான்சைச் சேர்ந்த மோரிஸ் கிளிப்பெல், ஆந்த்ரே ஃபெய்ல் ஆகிய மருத்துவர்கள், கழுத்தே இல்லாதவர் போலத் தோன்றிய 46 வயதுத் தையற்காரர் ஒருவரைப் பற்றி எழுதினர். குறுகிய கழுத்து, பிடரியில் மிகத் தாழ்ந்து முடியும் மயிர்க்கோடு, தலையைத் திருப்ப இயலாமை ஆகிய மூன்றும் அவரிடம் இருந்தன. அவருடைய கழுத்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. இந்நிலை இன்றும் கிளிப்பெல்–ஃபெய்ல் நோய்த்தொகுப்பு என்றே வழங்கப்படுகிறது.

ஒரு கோடும் ஓர் அளவும்

எக்ஸ்-ரே வந்த பின்னரும் பலகாலம் கழுத்தை யாரும் ஐயுறவில்லை. நோயாளி காட்டும் அறிகுறிகள் வேறு நரம்பு நோய்களை ஒத்திருந்தன. 1939இல் அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் எட்வர்ட் சேம்பர்லின் இக்குறைபாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இதன் நரம்பு அறிகுறிகள் மருத்துவரை வழிதவறச் செய்பவை என்பதைத் தலைப்பிலேயே குறிப்பிட்டார். வாயின் கடின அண்ணத்தின் பின்முனையிலிருந்து மண்டையோட்டுப் பெருந்துளையின் பின்விளிம்பு வரை எக்ஸ்-ரே படத்தில் அவர் ஒரு கோடு வரைந்தார். பல்முனை அக்கோட்டுக்கு மேலே கணிசமாக ஏறியிருந்தால் எலும்பு அமைப்பில் கோளாறு என்று பொருள். அளவுகோலும் பென்சிலும் இருந்தால் போதும் என்பதால் இம்முறை பரவியது.

1953இல் கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் மெக்ரே அடுத்த கேள்வியை எழுப்பினார். எலும்புக் குறை உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லையே, ஏன்? பல்முனைக்குப் பின்னால் தண்டுவடத்துக்குக் கிடைக்கும் இடத்தை அவர் அளந்தார். அது ஏறத்தாழ 19 மில்லிமீட்டருக்குக் கீழே குறைந்தவர்களிடம் நரம்புப் பாதிப்பு காணப்பட்டது. எலும்பின் தோற்றத்தைவிடத் தண்டுவடத்துக்கு எஞ்சும் இடமே முக்கியம் என்பது இதனால் தெளிவாயிற்று.

இந்தியாவின் பங்கு

மெக்ரே பணியாற்றிய அதே மான்ட்ரியல் கழகத்தில் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி இத்துறைப் பணியைத் தொடங்கினார். கழுத்துத் தண்டுவட நோயாளிகளை முறையாக ஆராயும் வாய்ப்பு இந்தியாவில் இவ்வாறு உருவானது.

மேலைநாடுகளில் அரிதாகக் காணப்பட்ட இந்நோயை இந்திய மருத்துவர்கள் அடிக்கடி சந்தித்தனர். 1964இல் பம்பாயைச் சேர்ந்த பருச்சாவும் தஸ்தூரும் 40 நோயாளிகளைப் பற்றி ‘பிரெய்ன்’ என்ற ஆங்கில ஆய்விதழில் எழுதினர். 1967இல் அதே இதழில் பம்பாய் நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா, அட்லஸ்–ஆக்சிஸ் மூட்டு பிறவிக் குறையால் நழுவி, தண்டுவடம் பாதிக்கப்பட்ட 28 பேரின் ஆய்வை வெளியிட்டார். தண்டுவட நோய் என்று வரும் இளைஞரின் கழுத்து எலும்புகளையும் தவறாமல் பார்க்க வேண்டும் என்பதை இவ்வாய்வுகள் உணர்த்தின.

அறுவை சிகிச்சையின் வளர்ச்சி

தொடக்கத்தில் பின்புற எலும்பை நீக்கித் தண்டுவடத்துக்கு இடம் தர முயன்றனர். ஆனால் பலரிடம் அழுத்தம் முன்புறமிருந்து, பல்முனையால் வந்தது. மூட்டும் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. எனவே சிலரின் நிலை அறுவைக்குப் பின் மோசமானது.

தளர்ந்த மூட்டைக் கட்டி நிறுத்துவதே வழி என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1939இல் டொரொண்டோவின் காலி, இரு எலும்புகளையும் உலோகக் கம்பியால் பிணைத்து, இடையில் எலும்புத் துண்டு வைத்து ஒட்டச் செய்யும் முறையை வெளியிட்டார். மேலேறிய பல்முனையை வாய் வழியாகச் சென்று அகற்றும் முறையும் பின்னர் வளர்ந்தது. 1980இல் அமெரிக்காவின் அயோவாவில் மெனசெஸ் குழுவினர் சிகிச்சைக்கு ஒரு ஒழுங்கு வகுத்தனர். நழுவிய எலும்பு இழுவையால் இடத்துக்குத் திரும்பினால் அதை நிலைநிறுத்தினால் போதும். திரும்பாவிட்டால் அழுத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து நீக்க வேண்டும்.

1994இல் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல், லகேரி ஆகியோர் புதிய முறை ஒன்றை வெளியிட்டனர். அட்லசின் பக்கவாட்டுத் திரளிலும் ஆக்சிசிலும் திருகாணிகளைப் பொருத்தி, உலோகத் தகட்டால் இணைப்பது அம்முறை. 2001இல் ஜெர்மனியின் ஹார்ம்ஸ், மெல்ச்சர் ஆகியோர் தகட்டுக்குப் பதில் தண்டைப் பயன்படுத்தினர். இன்று உலகெங்கும் இது கோயல்–ஹார்ம்ஸ் முறை என அறியப்படுகிறது. 2004இல் கோயல், மூட்டின் இடைவெளியை விரித்து, மேலேறிய பல்முனையைக் கீழிறக்கும் முறையையும் எழுதினார். இதனால் வாய் வழி அறுவையின் தேவை பலருக்குக் குறைந்தது.

இன்றைய நிலை

கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்-ரே மூட்டின் நழுவலைக் காட்டுகிறது. சி.டி. ஸ்கேன் எலும்பின் அமைப்பையும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தண்டுவடம் நசுங்கிய அளவையும் காட்டுகின்றன. காலந்தாழ்த்தாமல் சிகிச்சை பெற்றவர்கள் நல்ல பயன் அடைகின்றனர். நீண்டநாள் நசுங்கிய தண்டுவடம் முழுமையாக மீள்வது கடினம்.

ஆகவே குறுகிய கழுத்து, தாழ்ந்த மயிர்க்கோடு, ஒருபக்கம் சாய்ந்த தலை ஆகியவற்றுடன் நடை தடுமாறும் பிள்ளைகளை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது நன்று. முடிதிருத்தகங்களில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுக்கும் பழக்கம் இத்தகையோருக்குப் பேராபத்தாக முடியலாம். ஒரு காலத்தில் உடலை அறுத்த பின்னரே தெரிந்த குறை இது. இன்று ஒரு எக்ஸ்-ரே படத்திலேயே ஐயம் எழுந்துவிடும். அந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்று உரிய நேரத்தில் ஒருவருக்குத் தோன்றுவதில்தான் நோயாளியின் நடை காக்கப்படுகிறது.