கழிவுநீரிலிருந்து மின்சாரம்: காரைக்குடியின் பங்கு

கழிவுநீரிலுள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் உண்ணும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றைக் காற்றுப் புகாத அறையிலுள்ள மின்வாயில் சேர்த்து, கம்பி வழியே மற்றொரு மின்வாய்க்குக் கொண்டுசென்றால் மின்னோட்டம் கிடைக்கும். இதுவே நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம். நுண்ணுயிர்களிடமிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை 1911இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். சி. பாட்டர் காட்டினார்.

மின்சாரத்தையும் வேதியியலையும் இணைக்கும் இத்துறைக்குச் செட்டிநாட்டில் இடம் அமைந்ததற்கு ஒரு கொடையே காரணம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 25.07.1948 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை, 14.01.1953 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உள்ளூர் மக்களுக்கு அது 'சிக்ரி'.

இரும்புக் குழாய்களை அரிக்கும் பகைவர்களாக நுண்ணுயிர்களை ஆராய்ந்த இவ்வாய்வகத்தில், அவற்றை மின்சாரம் தரும் வேலையாட்களாகக் கருதும் ஆய்வுகளும் நடைபெற்றுள்ளன.

ஆயினும் ஒரு கலம் தரும் மின்னழுத்தம் 1 வோல்ட்டுக்கும் குறைவு. வீட்டு அடுப்பெரிக்க இன்றும் சாண எரிவாயுவே எளிய வழி. கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தித் தூய்மையாக்க மின்சாரம் பெருமளவு செலவாகிறது. அச்செலவைக் குறைக்க முடிந்தால் அதுவே இக்கலத்தின் பெரும்பயன்.