ஒலிநாடாக்களில் உறங்கும் ஊவாவின் குரல்கள்

பேசிய கணமே காற்றோடு கலந்துவிடும் குரலைப் பதிந்துவைத்து, வேண்டியபோது ஒலிக்கச் செய்த சாதனங்களுள் வானொலிக்குப் பெரும்பயன் தந்தது காந்த ஒலிப்பதிவாகும். டென்மார்க்கைச் சேர்ந்த வால்டமர் போல்சன் 1898ஆம் ஆண்டு உருக்குக் கம்பியில் ஒலியைப் பதியும் கருவியை உருவாக்கினார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அக்கருவி பதிந்த ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசப்பின் குரல் இன்றும் பேணப்படுகின்றது. 1928இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் புளூமர் இரும்பு ஒட்சைட்டுத் தூள் பூசிய காகித நாடாவை அறிமுகப்படுத்தினார்.

ஒலிவாங்கி குரலை மின்னோட்டமாக மாற்ற, அம்மின்னோட்டம் தோற்றுவிக்கும் காந்தப்புலம் நாடாவிலுள்ள நுண்துகள்களைக் காந்தமாக்குகின்றது. அந்நாடா மீண்டும் ஓடும்போது காந்தம் மின்னோட்டமாகி, ஒலியாக வெளிப்படுகின்றது. செக்கனுக்கு ஏழரை அங்குல வேகத்தில் 1,200 அடிச் சுருள் 32 நிமிடம் ஒலிக்கும். இசைத்தட்டில் இயலாத திருத்தத்தை நாடாவில் சவர அலகால் வெட்டி ஒட்டியே செய்ய முடிந்தது. 1963இல் வந்த கசட், ஒலிப்பதிவைச் சாதாரண மக்களின் கைகளுக்கே கொண்டுவந்தது.

1981இல் யுனெஸ்கோ, டனிடா ஆகியவற்றின் உதவியுடன் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆரம்பித்த மகாவலி சமூக வானொலி, குடியேற்றக் கிராமங்களுக்குச் சென்று மக்களின் பேச்சையும் பாடலையும் பதிந்து ஒலிபரப்பியது. பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டையிலும் 1980களில் ஒரு நிலையம் இயங்கியது. ஆயினும், அது மகாவலிக் குடியேற்றவாசிகளுக்கான திட்டம். அதே மாவட்டத்தின் பசறை, லுணுகலை, தெமோதரைத் தோட்டங்கள் அதன் எல்லைக்கு அப்பாலேயே இருந்தன.

எனவே, தோட்ட மக்கள் தாமே பதிந்த கசட்டுகள் தனிப்பெறுமதி வாய்ந்தவை. காமன் கூத்து, ஒப்பாரி, தாலாட்டு, முஸ்லிம் இல்லங்களில் ஒலித்த பைத்துகள், மத்திய கிழக்கிற்குத் தொழில் தேடிச் சென்றோர் கடிதத்திற்குப் பதிலாக அனுப்பிய குரல்கள் என்பன எழுத்தில் வராத வரலாறாகும். பாடியவர்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை.

மலைநாட்டின் ஈரலிப்பு நாடாக்களில் பூஞ்சணத்தை வளர்க்கின்றது. துகள்களைப் பிணைக்கும் பசை நெகிழ்ந்து, பூச்சு உதிர்கின்றது. நாடாக்களை இயக்கும் கருவிகளும் அருகிவிட்டன. பூஞ்சணம் படர்ந்த நாடாவைச் சுத்திகரிக்காமல் ஓடவிடலாகாது. கசட்டின் பின்புறத்துச் சிறு தகடுகளை உடைத்துவிட்டால் மேற்பதிவு நிகழாது. பாடியவர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை உறையில் எழுதிவைப்பதும் அவசியம்.

இவற்றைத் திரட்டி எண்ணியல் வடிவிற்கு மாற்றும் பணியைப் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் மாகாணக் கல்வித்துறையும் இணைந்து முன்னெடுக்கலாம். தோட்டப் பாடசாலைகள், ஆலயங்கள், பள்ளிவாசல்கள் ஆகியன சேகரிப்பு நிலையங்களாகலாம். பேரரசர் ஒருவரின் சில சொற்கள் நூறாண்டு கடந்தும் பேணப்படும்போது, மலையை வளப்படுத்திய மக்களின் குரல் ஒரு தலைமுறைக்குள் அழிந்துபோக நாம் இடமளிக்கலாகாது.