ஜூலிக்கு ஒரு வேலை இருந்தது

போன வருஷம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் ஒரு ஆடியோ வந்தது. பன்னிரண்டு நொடிதான். ராத்திரி பதினொன்றேகாலுக்கு எங்கள் ஜூலி குரைப்பதை இரண்டாம் மாடி அங்கிள் பதிவு செய்திருந்தார். கீழே ஒரே வரி: "இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க."

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. ஏர்போர்ட்டில் வேலை, விடியற்காலை நாலு மணி ஷிஃப்ட். ஆதம்பாக்கத்திலிருந்து மூன்றரைக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். பதினொரு மணித் தூக்கம் அவருக்குச் சோறு மாதிரி.

மூன்று நாள் கழித்து லிஃப்டில் இன்னொருவர் மெதுவாகச் சொன்னார். "தொண்டையில சின்ன ஆபரேஷன் பண்ணா சத்தமே வராதாம் தம்பி. வாயத் தொறக்கும், குரல் மட்டும் வராது. விசாரிச்சுப் பாருங்க." நல்ல மனசோடுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள். இந்த நாய் ஏன் இப்படிக் குரைக்கிறது என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

முதலில் பெயர். ஜூலியைத் தெருவே 'பொமரேனியன்' என்கிறது. அவள் இந்தியன் ஸ்பிட்ஸ். இரண்டும் ஒரே குடும்பம்தான், கிளை வேறு. வெள்ளைக்காரர்கள் காலத்தில் இங்கே வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வகை நாய்கள் நம் வெயிலில் தலைமுறை தலைமுறையாகப் பழகி உருவான இனம் இது. வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது கஷ்டமாக இருந்த 1980-களிலும் 90-களிலும் இந்திய நடுத்தர வர்க்கத்தின் நாய் என்றால் இதுதான். 1994-இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் டஃபி என்ற நாயாக நடித்ததும் ஒரு இந்தியன் ஸ்பிட்ஸ்தான்.

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரப் பிரதேசம். இன்று ஒரு பகுதி ஜெர்மனியிலும் பெரும்பகுதி போலந்திலும் இருக்கிறது. ஸ்பிட்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் கூர்மையானது. மூக்கும் காதும் அப்படி. இந்தக் குடும்பத்து நாய்களுக்குப் பண்ணை முற்றத்திலும் வண்டியிலும் வேலை இருந்தது. ஹாலந்தின் கால்வாய்ப் படகுகளில் காவல் இருந்த கீஸ்ஹோண்ட் இவர்களின் பெரியப்பா பையன். யாரையும் பிடித்துக் கடித்துக் கிழிப்பது இவர்கள் வேலை இல்லை. யாரோ வருகிறார்கள் என்று சொல்வதுதான் வேலை. கடிக்கிற நாய்க்கு உடம்பு வேண்டும். சொல்கிற நாய்க்குக் குரல் போதும்.

அரண்மனை பிறகுதான் வந்தது. மூன்றாம் ஜார்ஜின் மனைவி ராணி சார்லட் 1767-இல் இங்கிலாந்துக்கு இவற்றைக் கொண்டுவந்தபோது அவை பெரிய நாய்கள். விக்டோரியா மகாராணி 1888-இல் ஃப்ளாரன்ஸ் போனபோது மார்க்கோ என்ற சின்ன நாயைப் பிடித்துப்போய் வாங்கிவந்தார். எடை ஐந்து கிலோ சொச்சம். ராணி வைத்திருந்தால் ஊரே வைத்துக்கொள்ளும் இல்லையா? சின்னதிலும் சின்னதாகப் பார்த்து இனப்பெருக்கம் செய்தார்கள். உடம்பு மடியில் உட்காருகிற அளவுக்குச் சுருங்கியது. குரலைச் சுருக்க யாருக்கும் தோன்றவில்லை. படகைக் காத்த குரல் அப்படியே மெத்தைக்கு வந்துவிட்டது.

குரைப்பதே பெரும்பாலும் நாம் வளர்த்துவிட்ட குணம்தான். ஓநாயும் குரைக்கும், ஆனால் அபூர்வமாக. 1959-இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர், மனிதரைக் கண்டு பயப்படாத நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெருக்க ஆரம்பித்தார். சில தலைமுறைகளிலேயே ஆளைப் பார்த்து வாலாட்டி, முனகி, 'என்னைக் கவனி' என்று கேட்கிற குட்டிகள் பிறந்தன. 2005-இல் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் வேறொன்று செய்தார்கள். வெவ்வேறு சூழ்நிலைகளில் பதிவான நாய்க் குரைப்புகளை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எது அந்நியரைப் பார்த்துக் குரைத்தது, எது தனியாக விடப்பட்டுக் குரைத்தது என்று குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே சொல்ல முடிந்தது, நாய் வளர்க்காதவர்களாலும்கூட. ஆக, அது வெறும் சத்தம் இல்லை. கேட்பவருக்கென்றே வந்த சத்தம்.

கேட்பவருக்கு அது இடைஞ்சலாக இருப்பதும் புதுசு இல்லை. அகநானூற்றின் 122-ஆம் பாட்டில் பரணர் ஒரு பெண்ணின் புகார்ப் பட்டியலைத் தருகிறார். ராத்திரி காதலனைப் பார்க்க விடாமல் எது எதெல்லாம் தடுக்கிறது? ஊர் தூங்கவில்லை. ஊர் தூங்கினால் அம்மா தூங்கவில்லை. அம்மா தூங்கினால் காவலர்கள். காவலர்கள் தூங்கினால் நாய் குரைக்கிறது. நாய் ஓய்ந்தால் நிலா வந்துவிடுகிறது. கடைசியில் சேவல் கூவிவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு நாய் எதிரி. அவள் அம்மாவுக்கு அதே நாய் பாதுகாப்பு. குரைப்பு ஒன்றுதான், படுத்திருக்கும் இடம் வேறு.

எனக்கு இங்கேதான் ஆதம்பாக்கம் புரிந்தது. என் சின்ன வயசில் இது ஆலந்தூர் நகராட்சி; 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தெரு முழுக்கத் தனி வீடுகள். முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் கிணறு, கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' தகரப் பலகை. பலகையை நம்பிப் பயந்து எட்டிப் பார்த்தால் புசுபுசுவென்று ஒரு ஜிம்மியோ பப்பியோ நிற்கும். ஆபீஸ் போன வீட்டில் தாத்தா பாட்டிக்கு அதுதான் காலிங் பெல். கேஸ்காரர், போஸ்ட்மேன், பால்காரர் எல்லாருக்கும் ஒரு குரைப்பு. "யாருன்னு பாரு" என்று உள்ளேயிருந்து பாட்டி குரல் வரும். நாய் நிறுத்திவிடும். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று.

பிறகு அந்த வீடுகள் ஒவ்வொன்றாக பில்டரிடம் போயின. இரண்டு குடும்பம் இருந்த மனையில் எட்டு வீடு. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாலு பேர் கேட்டுக்கு வந்தார்கள். இப்போது ஸ்விக்கி, அமேசான், லிஃப்ட் கதவு, எதிர்வீட்டுச் செருப்புச் சத்தம், எல்லாம் ஜூலியின் காதுக்கு 'யாரோ வர்றாங்க'தான். நாய் மாறவில்லை. சுவர் கிட்டே வந்துவிட்டது. வேலையிலிருந்து எடுத்துவிட்டோம், அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த ஆபரேஷன் விஷயம். சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று தேடினால் அது திருவான்மியூரில் போய் நின்றது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் மாநிலங்களவையில் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு சொல்ல, வாபஸ் வாங்கினார். 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் விலங்குகள் நல வாரியம் அவர் தலைமையில் தொடங்கியது. அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, விலங்கை ஊனப்படுத்துவதையும் தேவையில்லாத வேதனை தருவதையும் குற்றம் என்கிறது. வியாதி எதுவும் இல்லாமல், நம் வசதிக்காக ஒரு தொண்டையை அறுப்பதை வேறெப்படிச் சொல்வது? குரைப்பதைக் காரணம் காட்டிக் குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போடக்கூடாது என்றும் வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது.

அதைக் குழுவில் போட்டு ஜெயித்திருக்கலாம். ஆனால் 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளும் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு. தூக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. சட்டம் காட்டினால் அங்கிள் வாயைத்தான் அடைக்க முடியும். அதுவும் ஒரு மாதிரி தொண்டை ஆபரேஷன்தானே?

அதனால் ஒரு நோட்டு போட்டேன். இரண்டு வாரம், ஒவ்வொரு குரைப்புக்கும் நேரமும் காரணமும். முக்கால்வாசி, லிஃப்ட் கதவும் கேட்டும். ராத்திரிக் குரைப்பு எல்லாமே பால்கனியிலிருந்து, தெரு நாய்களுக்குப் பதில். படுக்கையை உள் அறைக்கு மாற்றினோம். பால்கனி கிரில்லின் கீழ்ப்பாதியை மறைத்தோம். காலை ஐந்தரைக்கு, வெயில் வருமுன், நாற்பது நிமிஷம் நடை. வழியெல்லாம் மோந்து பார்க்க விட்டோம். லிஃப்ட் சத்தத்தை போனில் பதிவு செய்து, மெல்லிய ஒலியில் போட்டு, சும்மா இருந்தால் ஒரு துண்டு கேரட். கத்தி அதட்டுவதை நிறுத்தினோம். நாம் கத்தினால் அவளுக்கு நாமும் சேர்ந்து குரைப்பதாகத்தான் படும்.

அம்மா கண்டுபிடித்ததுதான் பெரிசு. ஜூலி இரண்டு முறை குரைத்ததும் அம்மா எழுந்துபோய்க் கதவைப் பார்த்து, "சரிடி, பாத்துட்டேன், நம்மாளுதான்" என்பாள். கேரட் கொடுப்பாள். பாட்டியின் "யாருன்னு பாரு"வின் மறுபாதி. காவல் நாய்க்குத் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆறு வாரம் ஆயிற்று. முழுசாக நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. ராத்திரி பத்துக்கு மேல் கிட்டத்தட்ட இல்லை. போன வாரம் படிக்கட்டில் அங்கிளைப் பார்த்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தார்.

"என்னப்பா, உங்க ஜூலி சத்தமே காணோம்? ஏதாவது பண்ணிட்டீங்களா?" கேட்கும்போது முகத்தில் ஒரு பயம் இருந்தது.

"இல்ல அங்கிள். குரல் இருக்கு."

கதவுக்குப் பின்னால் எங்கள் பேச்சு கேட்டு அவள் இரண்டு முறை குரைத்தாள். உள்ளேயிருந்து அம்மா, "பாத்துட்டேன்டி" என்றாள்.