ஐந்து கேள்விகள்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்து நிற்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "டாக்டர், பிழைத்துவிடுவாரா?" வைத்தியர் ஜோசியர் அல்லர். ஆனாலும் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். எதை வைத்துக்கொண்டு சொல்வது?

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்று ஒரு டாக்டர் இருந்தார். பிரேதங்களைப் பரிசோதித்து, அங்குள்ள காட்சிசாலையைப் பராமரிப்பது அவர் உத்தியோகம். நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கியிருந்த ஏழு பேரைப் பற்றி 1832-இல் அவர் எழுதினார். உலகம் அதை அதிகமாகப் பொருட்படுத்தவில்லை. 1865-இல் சாமுவேல் வில்க்ஸ் என்பவர்தாம் அந்த நோய்க்கு ஹாட்ஜ்கினின் பெயரைச் சூட்டினார். மறு வருஷமே ஹாட்ஜ்கின் ஜாஃபா நகரில் காலமானார்.

ஆக, நிணநீர்ப் புற்றுநோயின் சரித்திரம் பிரேத மேஜையில் தொடங்குகிறது. முடிவு தெரிந்த பிறகு எழுதிய கதை அது. முடிவை முன்கூட்டிச் சொல்வதோ வேறு வித்தை.

இந்த நோய் ஒன்றல்ல, பல என்பது பின்னால் தெரிந்தது. அவற்றில் சில மிக வேகமாகப் பரவுபவை. 1970-களில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, அந்த வேகமான வகையிலும் சிலர் பூரணமாகக் குணமடைந்தார்கள், சிலர் போய்விட்டார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

1993-இல் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஆகிய இடங்களின் வைத்தியர்கள் ஒன்றுகூடி, 2,031 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து ஐந்து கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 60-ஐத் தாண்டிவிட்டதா? நோய் மூன்றாம், நான்காம் கட்டத்தை எட்டிவிட்டதா? ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதி மிகுந்திருக்கிறதா? வேலை எதுவும் செய்ய முடியாதபடி உடம்பு தளர்ந்துவிட்டதா? கணுக்களை விட்டு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளில் நோய் புகுந்திருக்கிறதா? ஒவ்வோர் 'ஆம்' என்பதற்கும் ஒரு புள்ளி. ஒன்றோ பூஜ்யமோ வாங்கியவர்களில் ஐந்து வருஷம் கழித்து நூற்றுக்கு 73 பேர் உயிரோடிருந்தார்கள். நான்கு, ஐந்து வாங்கியவர்களில் 26 பேர்.

நாலாவது கேள்விக்கு யந்திரம் எதுவும் வேண்டாம் என்பதைக் கவனித்தீர்களா? எதிரே இருக்கும் மனுஷனை நன்றாகப் பார்த்து, நாலு வார்த்தை விசாரித்தால் போதும்.

அப்புறம் ரிட்டுக்ஸிமாப் என்ற புது மருந்து வந்து சேர்ந்தது. 2007-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதே ஐந்து கேள்விகளை வைத்து மறுபடி கணக்குப் பார்த்தார்கள். மூன்றும் அதற்கு மேலும் புள்ளி வாங்கியவர்களில்கூட, நான்கு வருஷம் கழித்து நூற்றுக்கு 55 பேர் உயிரோடிருந்தார்கள். கேள்விகள் மாறவில்லை, விடை மாறிவிட்டது.

கதை எழுதுகிற எனக்கு என் பாத்திரங்களின் முடிவு கைக்குள் இருக்கிறது. வைத்தியருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. நூறு பேரில் 26 பேர் பிழைப்பார்கள் என்று அட்டவணை சொல்லும். கட்டிலில் படுத்திருப்பவர் அந்த 26 பேரில் ஒருவரா என்று சொல்லாது. தாழ்வாரத்தில் நிற்பவர்களோ அந்த ஒருவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நல்ல டாக்டர் கணக்கை மறைக்க மாட்டார். அதையே தீர்ப்பாகவும் படித்துவிட மாட்டார்.