சிங்கப்பூரில் ஊடக எழுத்தறிவுக் கல்வி

ஊடக எழுத்தறிவு என்பது, ஒரு செய்தியை யார், எந்த நோக்கத்தோடு, யாருக்காக உருவாக்கினர் என்று கேட்டு, அதன் சான்றுகளைச் சரிபார்த்த பின்னரே அதை ஏற்கவோ பகிரவோ செய்யும் திறனாகும். பல இனத்தவர் நெருங்கி வாழும் சிங்கப்பூரில் இதன் தேவை இணையத்துக்கும் முந்தியது. 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் என்ற சிறுமியின் வளர்ப்புரிமை வழக்கையொட்டி மூண்டு 18 பேரைப் பலிகொண்ட கலவரத்துக்கு, அவர் கிறித்துவ மடத்தில் இருந்த படங்களை நாளிதழ்கள் பரபரப்பாக வெளியிட்டதும் ஒரு காரணமாயிற்று.

ஊடக எழுத்தறிவு மன்றம் 2012இல் அமைந்தது. 2013இல் தேசிய நூலக வாரியம் தொடங்கிய ‘ஷுவர்’ இயக்கம், மூலத்தை அறிதல், சூழலைப் புரிந்துகொள்ளுதல், பிற ஆதாரங்களைத் தேடுதல், சீர்தூக்கிப் பார்த்தல் ஆகிய நான்கு படிகளைக் கற்பித்தது.

இப்பயிற்சியின் அருமையைத் தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு நிகழ்வு உணர்த்தியது. 2015 பிப்ரவரி 3 அன்று, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தண்டாயுதபாணி கோயிலுக்குச் சென்ற தைப்பூச ஊர்வலத்தில், மேளம் வாசித்தது தொடர்பாகக் காவல்துறையினருக்கும் சிலருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. மேளச் சத்தம் தங்கள் குழந்தைக்குத் தொல்லை தருவதாக ஒரு பிலிப்பினோ குடும்பம் புகார் செய்ததே அதற்குக் காரணம் என்று ‘தி ரியல் சிங்கப்பூர்’ என்ற இணையத்தளம் எழுதியது. மோதல் நடந்தது மெய்யாதலாலும், ஊர்வலத்தில் மேளம் வாசிக்க அப்போது இருந்த தடை பக்தர்களிடையே ஏற்கெனவே மனத்தாங்கலை உண்டாக்கியிருந்ததாலும், இடையில் செருகப்பட்ட புகார் என்ற பொய் எளிதில் நம்பத்தக்கதாயிற்று. முழுக் கட்டுக்கதையைவிட இத்தகைய கலப்படமே ஆபத்தானது; ஒரு சமூகத்தின் நியாயமான வருத்தத்தை, தொடர்பே இல்லாத வேறொரு சமூகத்தின் மீதான வெறுப்பாக அது திருப்பிவிடுகிறது. புகாரைப் பெற்றவர் யார், அதை உறுதிசெய்தவர் யார் என்ற முதற்படிக் கேள்விக்கு அச்செய்தியில் விடை இல்லை. அத்தளம் அவ்வாண்டு மே மாதம் அரசு ஆணையால் மூடப்பட்டது. அதன் ஆசிரியர் இருவர் 2016இல் தேச நிந்தனைக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றனர்.

2015 மார்ச்சில், சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ மறைந்துவிட்டதாகப் பிரதமர் அலுவலகத்தின் பெயரில் பரவிய போலி அறிவிப்புப் படத்தைச் சிஎன்என் உள்ளிட்ட ஊடகங்களே அவர் மறைவதற்குச் சில நாள் முன்பு நம்பிவிட்டமை, பயிற்சி பெற்ற செய்தியாளரும் அவசரத்தில் மூலத்தைச் சோதிக்கத் தவறுவர் என்பதைக் காட்டியது.

2018இல், இணையத்தில் வேண்டுமென்றே பரப்பப்படும் பொய்களை ஆராய்ந்த நாடாளுமன்றத் தெரிவுக்குழு 22 பரிந்துரைகளை அளித்தபோது பொதுமக்கள் கல்வியையும் வலியுறுத்தியது. ‘பொஃப்மா’ எனப்படும் இணையப் பொய்களுக்கு எதிரான சட்டம் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. அவ்வாண்டிலேயே மின்னிலக்க ஊடக, தகவல் எழுத்தறிவுக்கான கட்டமைப்பும் வெளியிடப்பட்டது. ஆயினும் சட்டத்தின் திருத்த ஆணை, பொய் வெளியான பின்னரே பிறப்பிக்கப்படுவது. படிப்பவரின் சரிபார்க்கும் பழக்கம் பகிர்வதற்கு முன்னரே செயற்படக்கூடியது என்பதால் பின்னதற்கே கூடுதல் முதலீடு தகும். சட்டத்தின் வரம்பும் குறுகியதே: 2024இல் நிறைவேறிய தேர்தல் சட்டத் திருத்தம், வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் மெய்போலக் காட்டும் மின்னிலக்கப் போலிகளைத் தேர்தல் காலத்தில் தடைசெய்தது. பிறரைப் பற்றிய போலிகளுக்கு அது பொருந்தாது.