பாலைத்தடத்தில் உருண்ட வீடு: ஆஸ்திரேலிய கேம்பர் டிரெய்லரின் வரலாறு

வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் சென்று, தங்குமிடம் சேர்ந்ததும் கூடாரமாக விரித்துப் படுக்கவும் சமைக்கவும் பயன்படும் சிறிய இழுவை வண்டிக்கு ஆஸ்திரேலியாவில் கேம்பர் டிரெய்லர் என்று பெயர். சுவரும் கூரையும் நிலையாக அமைந்த கேரவனிலிருந்து இது வேறுபட்டது. ஓடும்போது தாழ்ந்த பெட்டியாகவும் நின்ற பின் கித்தான் கூடாரமாகவும் உருமாறுவது இதன் இயல்பு. தார்ச்சாலை முடிந்த பிறகும் மணலிலும் பாறையிலும் ஆற்றுப்படுகையிலும் வண்டியைத் தொடர்ந்து செல்லும்படி வலுவாகக் கட்டப்பட்டது ஆஃப்-ரோடு கேம்பர் டிரெய்லர் எனப்படுகிறது. இன்று இதை வாங்க வருபவர் சக்கரத்தின் அளவையும் இணைப்புக் கொக்கியின் வகையையும் தாங்கும் எடையையும் விசாரிக்கிறார் என்றால், அந்த விசாரணைக்குப் பின்னே போர்க்களத்திலும் பாலைவனத்திலும் முறிந்துபோன பல வண்டிகளின் அனுபவம் இருக்கிறது.

பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட பயண வீடுகளின் கதை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து தொடங்கப்படுகிறது. கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரான ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டி வீட்டைச் செய்வித்து, 1885இல் அதில் இன்வர்னெஸ் வரை பயணம் செய்தார். 1907இல் கேரவன் பயணிகளின் சங்கம் தோன்றியது. முதல் உலகப் போர் முடிந்த 1919இல் பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம் மோட்டார் வண்டி இழுக்கும் கேரவன்களைச் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவில் 1930களில் இத்தொழில் பெருகி, 1936இல் வாலி பயம் என்பவரின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் விமானம்போல் அலுமினியத் தகடு போர்த்திய ‘கிளிப்பர்’ வண்டியை வெளியிட்டது. இவை யாவும் நல்ல சாலையை நம்பிப் பிறந்தவை. 1959இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கெய்ரோவை நோக்கி வாலி பயம் நடத்திச் சென்ற நாற்பதுக்கும் மேற்பட்ட ஏர்ஸ்ட்ரீம் வண்டிகள் சேற்றிலும் பாறைத்தடங்களிலும் படாத பாடு பட்டே எகிப்தை அடைந்தன.

கரடுமுரடான தடத்துக்கேற்ற இழுவை வண்டியின் உண்மையான முன்னோடியைத் தேடுபவர் விடுமுறைப் பயணத்தை விட்டுப் போர்த்தளவாடத்தின் பக்கம் திரும்ப வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் நகரில் இருந்த பேண்டம் என்ற சிறிய கார் நிறுவனம் 1940 செப்டம்பரில் முதல் ஜீப்பின் மாதிரியை இராணுவத்திடம் ஒப்படைத்தது. ஆனால் பெருமளவு உற்பத்திக்கான ஆணைகள் வில்லீஸ், ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்களுக்குப் போய்விட, ஜீப்பை உருவாக்கிய பேண்டத்துக்கு அதன் பின்னால் ஓடும் கால் டன் டிரெய்லரைச் செய்யும் வேலையே மிஞ்சியது. அந்த டிரெய்லரில் மூன்று முடிவுகள் தெளிவாகத் தெரிகின்றன. ஜீப்பின் 16 அங்குலச் சக்கரமும் டயருமே டிரெய்லருக்கும் பூட்டப்பட்டதால் ஒன்று பழுதானால் மற்றொன்றின் சக்கரத்தைக் கழற்றி மாட்ட முடிந்தது. இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலம் ஜீப்பின் அகலத்தோடு ஒத்திருந்ததால், ஜீப் மணலிலும் சேற்றிலும் அழுத்திச் சென்ற தடத்திலேயே டிரெய்லரும் உருண்டது. புதுத்தடம் போட வேண்டியிராததால் இழுவை குறைந்தது. நீர் புகாத தொட்டிபோல் உடல் அமைக்கப்பட்டிருந்ததால் ஆற்றைக் கடக்கையில் அது மிதந்தது. போர் முடிந்து இராணுவ உபரிப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது இந்த டிரெய்லர்கள் பண்ணைகளுக்கும் வேட்டைக்காரர்களிடமும் போய்ச் சேர்ந்தன. சக்கரமும் தட அகலமும் இழுக்கும் வண்டியோடு ஒத்திருக்க வேண்டும் என்ற அந்த இராணுவ விதி, இன்றும் ஆஃப்-ரோடு டிரெய்லரைத் தேர்பவருக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரையாக இருக்கிறது.

இந்த விதிகள் முழுச் சோதனைக்கு உள்ளான களம் ஆஸ்திரேலியாவின் உள்நாடு. அங்கே சுமை சுமந்த முதல் வாகனம் ஒட்டகம். பர்க், வில்ஸ் என்போரின் ஆய்வுப் பயணத்துக்காக 1860இல் இருபத்து நான்கு ஒட்டகங்கள் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து மெல்போர்னில் வந்திறங்கின. அடுத்த அறுபது ஆண்டுகளில் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பகுதிகளிலிருந்து வந்து, வேறுபாடின்றி ஆப்கானியர் என்றே அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர்கள் கம்பளிப் பொதியையும் தண்டவாளத்தையும் தந்திக் கம்பியையும் பாலைக்குள் கொண்டு சேர்த்தனர். 1906இல் ஆல்ஃபிரட் கேனிங் மேற்கு ஆஸ்திரேலியாவில் கால்நடைகளை ஓட்டிச் செல்வதற்கான பாதையை அளந்ததும் ஒட்டகங்களின் துணையோடுதான். ஹால்ஸ் கிரீக்கையும் விலூனாவையும் இணைத்து ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளும் அப்பாதையில் நீர்நிலைகளைக் காட்டும்படி பழங்குடி மக்களைச் சங்கிலியிட்டு இழுத்துச் சென்றதாக எழுந்த குற்றச்சாட்டை 1908இல் அரசு விசாரணை ஆணையம் ஒன்று விசாரித்தது. சங்கிலி பயன்பட்டதைக் கேனிங்கே ஒப்புக்கொண்டும் ஆணையம் அவரைக் குற்றவாளி ஆக்கவில்லை. இன்றைய சுற்றுலாப் பயணி விரும்பித் தேடிப்போகும் இத்தடத்தின் தொடக்கம் அத்தகையது.

மோட்டார் வண்டிக்கான பாலைத்தடங்களை வெட்டியவர் லென் பீடெல் என்ற நில அளவையாளர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து வூமெராவில் ஏவுகணைச் சோதனைத் தளத்தையும், எமு ஃபீல்டிலும் மரலிங்காவிலும் அணுகுண்டுச் சோதனைத் தளங்களையும் அமைத்தபோது, ஏவுகணைகள் பறக்கும் நிலப்பரப்பில் வானிலை நிலையங்களுக்கும் மீட்புப் பணிகளுக்கும் சாலை தேவைப்பட்டது. ஒரு புல்டோசர், ஒரு கிரேடர், சில துணை வண்டிகள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் கொண்ட பீடெலின் குழு 1955க்கும் 1963க்கும் இடையில் 6,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மண்சாலைகளை அமைத்தது. துப்பாக்கிக் குழல்போல் நேராகச் செல்ல வேண்டும் என்ற நோக்கில் கன்பேரல் நெடுஞ்சாலை என்று பெயரிடப்பட்டது 1958இல் நிறைவடைந்தது. மனைவியின் பெயராலும் மகளின் பெயராலும் ஆன் பீடெல், கானி சூ நெடுஞ்சாலைகள் அமைந்தன. நெடுஞ்சாலை என்ற பெயர் இருந்தாலும் இவை புதர் நீக்கிச் சமன்செய்த ஒற்றைத் தடங்களே. கட்டி முடித்த பின் பல பகுதிகள் பராமரிப்பின்றி விடப்பட்டன.

இதே காலத்தில் நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1948இல் அறிமுகமான லேண்ட் ரோவரைத் தொடர்ந்து, ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்துக்காக ஒப்பந்ததாரர் லெஸ்லி தீஸ் 1950களின் இறுதியில் டொயோட்டா லேண்ட் குரூசரை இறக்குமதி செய்தார். நிலவியலாளர் ரெக் ஸ்பிரிக் 1962இல் தம் குடும்பத்தோடு நிசான் பேட்ரோல் வண்டியில் சிம்ப்சன் பாலையைக் கடந்தார். 1968இல் கேனிங் பாதை முழுவதையும் மோட்டார் வண்டிகள் முதன்முறையாகக் கடந்தன. குடும்பத்தோடு உள்நாட்டுக்குப் போகும் வழக்கம் பரவியபோது, ஆஸ்திரேலிய வீடுகளின் பின்புறத்தில் பொதுவாக நிற்கும் ஆறடி நீள, நான்கடி அகலப் பெட்டி டிரெய்லரின் மூடிமேல் கித்தான் கூடாரத்தைப் பொருத்தி விரித்துக்கொள்வது எளிய தீர்வாக அமைந்தது. கூடாரத்தின் தரைத்துணி மண்மேல் விரிவது மென்தரை வகை எனவும், பெட்டியின் மூடியே புரண்டு விழுந்து தரையாவது வன்தரை வகை எனவும் பிற்காலத்தில் பிரிக்கப்பட்டன.

ஆயினும் வீட்டுப் பெட்டி டிரெய்லர் பாலைத்தடத்தில் நிலைக்கவில்லை. அதை முறித்தது பள்ளமோ பாறையோ என்பதைவிட, மண்சாலையில் குறுக்குவாட்டில் வரிசையாக எழும் சிற்றலைகள் என்பதே பொருத்தம். அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் இடைவெளியில் அமையும் இந்த மேடுகள் எப்படித் தோன்றுகின்றன என்பதை ஆஸ்திரேலிய இயற்பியலாளர் கீத் மேதர், மணல் பரப்பிய வட்டப்பாதையில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு ஆராய்ந்து 1963இல் விளக்கினார். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டும் சக்கரம் சிறு தடையில் எகிறி விழும் இடத்தில் மண்ணைக் குழித்து முன்னே தள்ளுகிறது. அந்தக் குவியலில் அடுத்த சக்கரம் எகிறுகிறது. இவ்வாறு அலை தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. சாலையில் வண்டிகள் ஓடும் வரை இது ஓயாது. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டிரெய்லரின் அச்சு ஒவ்வொரு நொடியும் இருபதுக்கும் மேற்பட்ட அடிகளைத் தாங்க வேண்டியிருக்கிறது. பற்றவைத்த இணைப்புகள் விரிசல் கண்டு, ஆணிகள் தளர்ந்து, இரு முனைகளிலும் ஆணியால் பூட்டிய லீஃப் ஸ்பிரிங்குகள் ஒடிகின்றன.

ஆஃப்-ரோடு டிரெய்லரின் சஸ்பென்ஷன் இந்த அலைகளுக்கான விடையாகவே வளர்ந்தது. முதலில் ஸ்பிரிங் தகடுகளின் எண்ணிக்கை கூட்டப்பட்டது. அது சுமையைத் தாங்கினாலும் அதிர்வை உடலுக்கே கடத்தியது. பின்னர் குறுக்கு அச்சை நீக்கிவிட்டு, ஒவ்வொரு சக்கரமும் பின்னோக்கி நீளும் தனிக் கையில் தொங்கி, சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கொண்டு தனித்தனியே இயங்கும் முறை வந்தது. அதிர்வு வெப்பமாக மாறுவது ஷாக் அப்சார்பரின் எண்ணெயில்தான் என்பதால், நெடுந்தூர அலைத்தடத்தில் அது சூடேறிச் செயலிழக்காதபடி ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீதம் பொருத்துவதும் வழக்கமாயிற்று.

இணைப்புக் கொக்கியிலும் இதே படிப்பினை. சாலை வண்டிகளில் 50 மில்லிமீட்டர் உருண்டையின்மேல் கிண்ணம்போல் கவிழும் இணைப்பு பொதுவானது. ஆனால் முன்வண்டி ஒருபுறமும் டிரெய்லர் மறுபுறமும் சாயும் ஓடைக்கரையில் அந்தக் கிண்ணம் ஓர் எல்லைக்கு மேல் திரும்பாமல் முட்டிக்கொள்ளும். எனவே வலுவான பாலியுரேதேன் கட்டையும் ஊசியும் கொண்ட ட்ரெக் இணைப்பும், அதற்குப் பிறகு தன் அச்சில் முழு வட்டமாகச் சுழலும் டிஓ35 போன்றவையும் ஆஸ்திரேலியாவிலேயே உருவாயின. டிரெய்லர் கவிழ்ந்தாலும் இழுக்கும் வண்டியைத் தன்னோடு புரட்டிவிடாமல் இருப்பது இத்தகைய முழுச்சுழல் இணைப்பின் பயன்.

1990களிலும் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் இந்த அறிவைத் தொழிலாக்கிய சிறப்பு நிறுவனங்கள் எழுந்தன. நியூ சவுத் வேல்ஸில் கிம்பர்லி கேம்பர்ஸ், மெல்போர்னில் டிவேன் என்ற வண்டியைச் செய்த டிராக் டிரெய்லர் ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. படுக்கை எப்போதும் கடினக் கூட்டுக்குள் இருக்க, பின்கதவு இறங்கித் தரையாகி அதன்மேல் கூடாரம் விரியும் டிவேனின் அமைப்பு, கேரவனுக்கும் கூடாரத்துக்கும் இடைப்பட்ட ஒரு வகையை நிலைநிறுத்தியது. அடுத்த பத்தாண்டுக்குள் சீனாவில் செய்யப்பட்ட டிரெய்லர்கள் குறைந்த விலையில் வந்து குவிந்ததால், நடுத்தரக் குடும்பங்களும் இதை வாங்க முடிந்தது.

விலை குறைந்தபோது வசதிகள் கூடின. இழுத்தால் வெளிவரும் துருப்பிடிக்காத எஃகு அடுப்படி, 12 வோல்ட்டில் ஓடும் குளிர்பெட்டி, சூரியத் தகடு, வெந்நீர்க் கருவி, இருநூறு லிட்டர் வரை கொள்ளும் தொட்டி என்று உரிமையாளர்கள் தத்தம் விருப்பப்படி சேர்க்கத் தொடங்கினர். சுமை எவ்வளவு என்பதற்கு அடுத்தபடியாக அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தமிழக மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று பார்த்துப் பொதி அடுக்குவதைப் போலவே, ஒற்றை அச்சு டிரெய்லரிலும் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொக்கியின்மேல் அழுந்துவது நல்லது எனக் கொள்ளப்படுகிறது; பின்பாரம் மிகுந்தால் வேகத்தில் டிரெய்லர் வால்போல் ஆடி முன்வண்டியையும் நிலைகுலைக்கும். அச்சுக்குப் பின்னால் தொங்கும் இரண்டு உபரிச் சக்கரங்களும் தண்ணீர்த் தொட்டியுமே இதற்குப் போதும்.

இதனால் சட்டமும் எடையைச் சுற்றியே அமைந்தது. ஆஸ்திரேலிய விதிகளின்படி சக்கரங்களின்மேல் விழும் முழுச்சுமை 750 கிலோ வரை இருந்தால் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டியதில்லை; அதற்கு மேல் 2,000 கிலோ வரை பிரேக் கட்டாயம்; 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருப்பதோடு, கொக்கி கழன்றுவிட்டால் தானாகவே பிடித்து நிறுத்தும் கருவியும் வேண்டும். வெற்று எடையும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் வண்டியின் சேஸிஸில் பொருத்திய தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடே உரிமையாளர் ஏற்றக்கூடிய சுமை. வெற்று எடை 1,150 கிலோ, மொத்த எடை 1,500 கிலோ என்று கொண்டால் மிஞ்சுவது 350 கிலோ. நூற்றிருபது லிட்டர் தண்ணீருக்கு 120 கிலோவும், நிறைந்த குளிர்பெட்டிக்கு ஏறத்தாழ 60 கிலோவும், இரண்டு ஈய மின்கலங்களுக்கு 60 கிலோவும் கழிந்தால், எரிவாயு உருளை, கருவிகள், உணவு, உடை, வெய்யில் மறைப்பு எல்லாவற்றுக்கும் 110 கிலோதான் எஞ்சும். ஈய மின்கலத்தின் இடத்தில் அதில் பாதிக்கும் குறைவான எடையுள்ள லித்தியம் மின்கலம் பரவியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இவ்வளவு வளர்ந்த பின்னும் சில தடங்கள் டிரெய்லருக்கு இடங்கொடுக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் இணையாக நிற்கும் சிம்ப்சன் பாலைக்கும் கேனிங் பாதைக்கும் டிரெய்லர் கொண்டுவர வேண்டாம் என்றே பயணிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது. மேட்டில் ஏற இயலாமல் சக்கரம் சுழலும் வண்டி தானும் சிக்கி, பின்னால் வருபவர்களின் தடத்தையும் சிதைக்கும். பீடெல் வெட்டிய சாலைகள் பல இன்று பழங்குடி மக்களின் நிலத்தில் அமைந்திருப்பதால், அவற்றில் செல்வதற்கு முன்கூட்டியே அனுமதி பெறவும் வேண்டும்.

நூறாண்டுக்கும் மேலான இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், சேர்த்த வசதிகளைவிடச் சுமக்க மறுத்த எடையே பாலைத்தடத்தில் டிரெய்லரைக் காப்பாற்றியது என்பது புலப்படும். ஆகவே புதிதாக வாங்க நினைப்பவர் கூடாரத்தை விரித்துப் பார்ப்பதற்கும் அடுப்படியை இழுத்துப் பார்ப்பதற்கும் முன்பு, குனிந்து எடைத் தகட்டைப் படிக்க வேண்டும். தாம் சேர்க்க விரும்புவதைப் பட்டியலிட்டு, தண்ணீரையும் கூட்டி, அந்த எண்ணுக்குள் அடங்காததை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.