வாடகைக்கும் தவணைக்கும் நடுவில்

போளூர் பக்கம் அரசாங்க வீடுன்னா தொகுப்பு வீடுதான். தரையோடு தனியாக நிற்கும். மாசா மாசம் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. அரசு கட்டிய அடுக்குமாடியில் ‘இந்த வீடு யாருடையது?’ என்ற கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பது சென்னைக்குப் பிழைக்கப் போனவர்களுக்குத்தான் புரியும்.

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியது. 1971இல் சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் கட்டடம் என்பது அன்றைய கனவு. குடியேறியவர்கள் வாரியத்தின் வாடகைதாரர்கள். ஏழைகளிடம் வாங்கும் வாடகை குறைவாகத்தான் இருக்க முடியும். ஆனால் தண்ணீர் மோட்டார், படிக்கட்டு, ஒழுகும் கூரை எல்லாவற்றுக்கும் அது போதாது.

1977இல் உலக வங்கிக் கடனோடு வந்த திட்டம் வேறு வழி சொன்னது. மாடி வேண்டாம், சாலை, குழாயோடு மனை கொடுத்துவிட்டு, செலவைத் தவணையில் திரும்ப வாங்கு. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனைகள் பிரிந்தன. பின்னாளில் வாரியத்தின் மாடி வீடுகளும் தவணைக்கு மாறின. கடைசித் தவணை கட்டினால் விற்பனைப் பத்திரம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வாடகைக்காரர் கூரை ஒழுகுனா ஓனரைக் கேட்கலாம். சொந்தக்காரர் கையில் பத்திரம் இருக்கும். தவணைக்காரருக்கு இரண்டுமே உறுதியில்லை.

அமெரிக்காவில் இதே முடிச்சு வேறு மாதிரி விழுந்தது. அங்கே அடுக்குமாடிகளைக் கட்டியவர்கள் தனியார். அவர்களுடைய கடனுக்கு அரசு காப்பீடு, 1974 சட்டத்தின்படி வாடகைக்கு அரசு மானியம். பல இடங்களில் அந்த வாடகை சந்தை வாடகையைவிட அதிகம். 1990களில் மானிய ஒப்பந்தங்கள் முடியத் தொடங்கின. வாடகையைக் குறைத்தால் கடன் அடையாது. கடன் மூழ்கினால் காப்பீடு கொடுத்த அரசின் தலையில் விழும். 1997 சட்டம் கடனை இரண்டாகப் பிரித்தது. சந்தை வாடகையில் அடையக்கூடியது ஒரு பங்கு, தள்ளிவைத்தது இன்னொரு பங்கு. பதிலுக்கு உரிமையாளர் கட்டடத்தைப் பழுதுபார்க்க வேண்டும். 30 ஆண்டுகள் எளியவர்களுக்கான வீடாகவே வைத்திருக்க வேண்டும்.

நம்மூரில் கடன் சலுகை என்றால் தள்ளுபடி. வீட்டுவசதி வாரியம் அபராத வட்டியைத் தள்ளுபடி செய்வதாகப் பலமுறை அறிவித்திருக்கிறது. பாக்கிக்காரருக்கு அது பெரிய நிம்மதி, மறுப்பதற்கில்லை. ஆனால் அது கணக்குப் புத்தகத்தை மட்டும்தான் சரிசெய்கிறது. சுவரைத் தொடுவதில்லை.

2021இல் குடிசை மாற்று வாரியம் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆனது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியம் கட்டிய 24 வீடுகள் கொண்ட கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்னாடியே வெளியேறியதால் யாரும் சாகவில்லை.

தவணைக்கும் வாடகைக்கும் சட்டம் எழுதுகிறவர்கள் வட்டி விகிதத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாசா மாசம் வாங்குகிற பணத்தில் எவ்வளவு அந்தச் சுவருக்குத் திரும்பிப் போகிறது?